கைவிடப்பட்ட இருப்புப்பாதையும் மிதிவண்டிப் பெருவழியும்

ஒரு ரயில் தடம் மூடப்படுகிறது என்றால் இலாகாக்காரர்கள் முதலில் செய்வது கணக்கெடுப்பு. தண்டவாளம் இத்தனை டன், ஸ்லீப்பர் கட்டை இத்தனை, ஸ்டேஷன் கட்டடம் இத்தனை, சிக்னல் கம்பம் இத்தனை என்று பட்டியல் போட்டு ஏலத்துக்கு விடுவார்கள். நாற்பது வருஷமாகக் கடையில் சரக்கு இருப்பு எழுதிவரும் எனக்கு இந்தப் பட்டியலில் ஒரு பெரிய விடுபாடு தெரிகிறது. அதில் கண்ட சாமான் எல்லாவற்றையும் நாளைக்கே காசு கொடுத்து மறுபடியும் வாங்கிவிடலாம். ஆனால் ஓர் ஊரின் நடுவிலிருந்து அடுத்த ஊரின் நடுவரை, வீடு, வயல், ஆறு, குன்று அனைத்தையும் கடந்து, ஒரே உரிமையாளர் கையில், எங்கும் அறுபடாமல் நீளமாகக் கிடக்கிறதே ஒரு நிலம், அது பட்டியலில் ஏறுவதே இல்லை. துண்டுபோட்டு விற்றுவிட்டால் பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் அதைத் திரும்ப ஒட்டவைப்பது நடவாத காரியம்.

இந்த நிலத்தை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சில ஊர்க்காரர்கள் எப்படிக் காப்பாற்றி, ஆபீசுக்கும் பள்ளிக்கும் போய்வருவோருக்கான சைக்கிள் பாதையாக மாற்றினார்கள், அதற்கு என்ன கணக்கு, என்ன சட்டம், என்ன சண்டை என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன். கொல்கத்தாவில் வாழும் நம்மவரில் பலர் அப்படிப்பட்ட ஒரு பழைய ரயில் தடத்தின்மேல்தான் நாள்தோறும் போய்வருகிறார்கள். அதையும் பின்னால் சொல்கிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பழைய கல்வெட்டுகளில் ‘பெருவழி’ என்று ஒரு சொல் உண்டு. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில், நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் வெட்டியதோடு நிற்காமல், எழுத்தறியாதவரும் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி இரண்டு பெரிய குழியும் ஒன்பது சிறிய குழியும் வெட்டி வைத்திருக்கிறார்கள். தாவளம் என்றால் வணிகச் சாத்துகள் தங்கும் இடம். ஊருக்கு ஊர் தூரம் கணக்கிட்டு, அறுபடாமல் போகிற வழிதான் பெருவழி. ஆகவே இந்தச் சைக்கிள் பாதைகளுக்கும் அந்தச் சொல்லே பொருந்தும் என்று கொண்டு, மிதிவண்டிப் பெருவழி என்றே எழுதுகிறேன்.

சரி, ரயில் ஓடின மேட்டில் சைக்கிள் விடுவதில் அப்படி என்ன விசேஷம்? இதைப் புரிந்துகொள்ள ரயில் எஞ்சினின் ஒரு பலவீனத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமதளத்தில் அது பெரிய லாபம். ஏற்றத்திலோ சக்கரம் வழுக்கும், எஞ்சின் திணறும். அதனால் அந்தக்காலப் பொறியாளர்கள் மேட்டை வெட்டியும், பள்ளத்தை நிரப்பியும், மலையைக் குடைந்தும், முதன்மைத் தடங்களில் ஏற்றம் நூறு அடிக்கு ஓர் அடியைத் தாண்டாமல் கூடியமட்டும் பார்த்துக்கொண்டார்கள். வளைவுகளையும் அகலமாகப் போட்டார்கள். ஏற்றத்துக்கு அஞ்சும் இன்னொரு வாகனம் சைக்கிள். எஞ்சினுக்காகக் கொட்டின பணத்தின் பலன், நூறு வருஷம் கழித்துச் சைக்கிள்காரன் காலுக்கு வந்து சேருகிறது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் டயர் உராய்வையும் எதிர்க்காற்றையும் வெல்ல ஏறக்குறைய 55 வாட் சக்தி போதும். நூற்றுக்கு ஒன்று ஏற்றம் வந்தால் இன்னும் 37 வாட் கூடும், ஆக 92. ஐம்பது வயதுக்காரர்கூட மூச்சு வாங்காமல் சமாளிக்கலாம். அதே வேகத்தில் நூற்றுக்கு ஐந்து ஏற்றம் என்றால் 184 வாட் கூடி மொத்தம் 240-ஐத் தொடும். சமதளத்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்! சட்டை நனையாமல் ஆபீஸ் போய்ச் சேர முடியுமா? இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகணும். குன்றுகள் நிறைந்த ஊரில் சைக்கிள் ஏன் செல்லாது என்பதற்கும், அதே ஊரில் பழைய ரயில் தடத்தில் மட்டும் ஏன் செல்லும் என்பதற்கும் இதுவே விடை.

இரண்டாவது கணக்கு நிற்பதைப் பற்றியது. அதே வேகத்தில் போகிறவர் ஒரு சிக்னலில் நின்று மறுபடி கிளம்பினால், அந்த ஒரு தடவைக்கு மட்டும் சமதளத்தில் 60 மீட்டர் கூடுதலாக மிதித்த சக்தி செலவாகிறது. வழியில் 25 இடத்தில் நின்றால் ஒன்றரைக் கிலோமீட்டர் அதிகமாக மிதித்ததற்குச் சமம். ரயில் தடமோ பெரும்பாலும் சாலைக்கு மேலேயோ கீழேயோ பாலத்தில் போய்விடும். கொல்கத்தாபோல ஏற்றமே இல்லாத ஊரில் முதல் கணக்குக்கு வேலையில்லை. இந்த இரண்டாவது கணக்குத்தான் முக்கியம்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். அந்நாட்டின் மேற்கில் பிரிஸ்டல், பாத் என்று இரண்டு நகரங்கள் அருகருகே உள்ளன. இவற்றுக்கிடையே ரயில் நின்றுபோன இரண்டாவது தடம் ஒன்று கிடந்தது. அதன் பிரிஸ்டல் பக்கத்துப் பகுதி 1835-இலேயே குதிரைகள் நிலக்கரி வண்டி இழுக்கப் போட்ட தடம். பாத் நகருக்குப் போகும் கிளையை மிட்லண்ட் ரயில்வே 1869-இல் திறந்தது. 1963-இல் பீச்சிங் என்பவர் அறிக்கை கொடுத்து 2,363 நிலையங்களை மூடச் சொன்னார் அல்லவா, அந்த அலையில் பாத் கிளையின் பயணி ரயில்கள் 1966-இல் நின்றன. சரக்கு ரயில் 1971 வரை தாக்குப்பிடித்தது. பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். முட்செடி வளர்ந்தது.

1977-இல் பிரிஸ்டல் நகரில் சில சைக்கிள்காரர்கள் கூடி ‘சைக்கிள்பேக்’ என்று ஒரு குழு அமைத்தார்கள். ஜான் கிரிம்ஷா என்ற கட்டுமானப் பொறியாளர் அதில் முன்னின்றவர். அரசாங்கமே பாதை போட்டுத் தரட்டும் என்று மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல், 1979-இல் பாத் பக்கத்துத் தடத்தில் சுமார் ஐந்து மைலைக் குத்தகைக்கு வாங்கி, தாங்களே மண்வெட்டி எடுத்து இறங்கினார்கள். முதல் துண்டு முடிந்ததும் ஜனங்கள் வந்து ஓட்டிப் பார்த்தார்கள். வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்று அந்தச் சமயம் இருந்தது. அதன் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, துண்டு துண்டாக நீட்டி, 1986-இல் 13 மைல் நீளமும் முடிந்தது. மூன்று மீட்டர் அகலம், தார் மேல்பூச்சு. வழியில் ஸ்டேப்பிள் ஹில் என்னுமிடத்தில் 471 மீட்டர் சுரங்கம் ஒன்றும் உண்டு. அந்தக் குழுதான் பின்னாளில் சஸ்ட்ரான்ஸ் என்ற பெயரில் வளர்ந்து பிரிட்டன் முழுக்கச் சைக்கிள் வலைப்பின்னல் அமைத்தது.

வேலை எப்படிச் செய்வது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தடத்தில் ஏற்கெனவே ஜல்லி கிடக்கிறது; அதுவே அஸ்திவாரம். சமன்செய்து ரோலர் விட்டு, மேலே நுண்ஜல்லி பரப்பித் தார் போடலாம். செலவைக் குறைக்கக் கல்தூள் மட்டும் போட்டு விடுவதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை உல்லாசமாகப் போகிறவர்களுக்கு அது போதும். மழை நாளில் வெள்ளைச் சட்டையோடு வேலைக்குப் போகிறவனுக்கு ஆகாது; முதுகெல்லாம் சேறு. ரயில் காலத்துப் பக்க வாய்க்கால்களைத் தூர் வாரிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டுப்பள்ளத்தில் தண்ணீர் கட்டும். பழைய ஸ்லீப்பர் கட்டைகளில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் விஷத்தன்மை உடையது; அந்த மண்ணைச் சோதிக்காமல் விடக்கூடாது. பாலங்கள்? நூறு டன் எஞ்சினைத் தாங்கினவை சைக்கிளைத் தாங்காதா என்று கேட்டால், தாங்கும். ஆனால் பராமரிப்பை விட்டால் செங்கல் உதிரும். இந்தப் பாலங்களின் பராமரிப்புச் செலவு யார் தலையில் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்காமல் போனால் பின்னால் தகராறுதான்.

சுரங்கங்களில் வௌவால் பிரச்சினையும் உண்டு. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் இதேபோல் நகர மக்களே முயன்று ஒரு ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கி 2014-இல் முடித்தார்கள். சுரங்கங்களில் வௌவால்கள் குடியிருந்ததால் வேலை தாமதமாயிற்று என்று சிலர் குறைப்பட்டார்கள். சமணனாகிய எனக்கு அது குறையாகப் படவில்லை. ரயில் போன பின்பு அங்கே முதலில் குடிவந்தவை அவைதானே! குடியிருப்பவரைக் கேட்காமல் வீட்டை இடிப்போமா?

பிரிஸ்டலில் என் அண்ணன் மகன் வேலை பார்த்தபோது அங்கே மூன்று வாரம் தங்கியிருந்தேன். காலை எட்டு மணிக்கு அந்தப் பாதையின் ஓரத்தில் நின்று கடைக்காரன் கண்ணோடு வண்டிகளைப் பார்த்தேன். பந்தய வண்டி சிலதுதான். பெரும்பாலானவை மட்கார்டும் பின்கேரியரும் விளக்கும் வைத்த சாதா வண்டிகள். கேரியரின் இருபுறமும் மழைக்கு நனையாத பை. அந்தப் பையைப் பார்த்ததுமே தெரிந்துபோயிற்று, இது பொழுதுபோக்குப் பாதை இல்லை என்று. பின்னே, உலகத்தில் ரயில் தடத்தை நடைபாதையாக்கியவர்கள் பலர். அவற்றில் பெரும்பாலானவை ஊரைவிட்டு விலகிக் காட்டுக்குள்ளே போகின்றன. பிரிஸ்டல் பாதையோ ஈஸ்டன், ஃபிஷ்பாண்ட்ஸ் என்று நெருக்கமான குடியிருப்புகளின் ஊடே புகுந்து நகர நடுவில் போய் இறக்கிவிடுகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் அதில் நடப்பதன் காரணம் இதுதான்.

வேலைக்குப் போகிறவர்களுக்கான பாதை என்றால் என்ன தேவை என்பதற்கு அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரத்தை நல்ல உதாரணமாகச் சொல்வேன். அங்கே மில்வாக்கி ரோடு என்ற ரயில் கம்பெனி தன் தடத்தை 1912-லிருந்து 1916 வரை ஆழமாக வெட்டித் தெருமட்டத்துக்குக் கீழே இறக்கியது. குறுக்குத் தெருக்கள் எல்லாம் மேலே பாலத்தில் போயின. ரயில் போக்குவரத்துத் தேய்ந்த பிறகு அந்தப் பள்ளத்தை அந்த வட்டார அரசின் ரயில் ஆணையம் 1993-இல் வாங்கிப் போட்டது. 2000, 2004, 2006 என்று மூன்று கட்டமாக, மிட்டவுன் கிரீன்வே என்ற பெயரில் ஐந்தரை மைல் சைக்கிள் பாதை முடிந்தது. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று, நடப்பவருக்குத் தனியாக ஒன்று. இரவு முழுக்க விளக்கு. பனி கொட்டும் ஊர். விடிவதற்குள் பனியை வாரித் தள்ளிவிடுகிறார்கள். இரவில் தொண்டர்கள் தாங்களே சைக்கிளில் ரோந்து சுற்றுகிறார்கள். ஏன் இவ்வளவு ஏற்பாடு? பள்ளத்தில் போகும் பாதையில் நடுவில் ஏறி வெளியே வர முடியாது. ஆபத்து என்றால் கத்தினாலும் தெருவுக்குக் கேட்காது. பிரிஸ்டல் பாதையிலும் இருட்டு நேரத்தில் வழிப்பறி நடந்ததுண்டு. பெண்கள் ஆறு மணிக்குமேல் ஓட்டத் துணியாத பாதை வேலைக்குப் போகிறவர்களின் பாதை ஆகாது. விளக்குச் செலவை மிச்சம் பிடிப்பவர்கள் பாதி ஜனத்தைக் கழித்துவிட்டுக் கணக்கு எழுதுகிறார்கள் என்றே சொல்வேன்.

இனிச் சட்டம். கொஞ்சம் பொறுமையாகப் படிக்கணும். விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் ரயில் கம்பெனிகள் பல இடங்களில் நிலத்தைக் கிரயமாக வாங்கவில்லை. ரயில் ஓட்டுவதற்கான உரிமையை மட்டும் வாங்கின. நம் பத்திரங்களில் வழிநடைப் பாத்தியம் என்று எழுதுவார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி. ரயில் நின்றால் பாத்தியம் முடிந்தது. நிலம் பக்கத்துக்காரனுக்கே போய்விடும். ஒரு மைலில் ஒரே ஒருவன் வேலி போட்டால் போதும், நூறு மைல் தடமும் அறுந்தது. இதைத் தடுக்க 1983-இல் ஒரு சட்டத் திருத்தம் செய்தார்கள். அதன் சாரம் இது: ரயில் நின்றாலும் தடம் கைவிடப்பட்டதாகக் கொள்ளக்கூடாது, எதிர்காலத்தில் ரயில் மறுபடி தேவைப்படலாம் என்பதால் தடத்தை ‘வங்கியில் போட்டு’ வைப்போம், அதுவரைக்கும் சைக்கிளும் நடையும் போகட்டும். ரயிலுக்குத் தேவை வந்தால் சைக்கிள்காரன் காலி செய்துவிட வேண்டும். ஆக அவன் குடக்கூலிக்காரன்தான்.

பக்கத்து நிலக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் நகரத்துத் தம்பதியர் ஒருவர் வழக்குத் தொடுத்தார்கள். 1990-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும் என்று ஒருமனதாகச் சொன்னது. நிலம் பறிபோனதாகத் தோன்றினால் அரசிடம் நஷ்டஈடு கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னது. 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தம்பதிக்கு நஷ்டஈடு பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இது சரியான தீர்ப்பு என்பது என் கருத்து. பொதுக்காரியம் என்பதற்காக ஒருவன் பாத்தியத்தை இனாமாக எடுத்துக்கொள்வது அசௌரியம், அதாவது திருடாமை விரதம், சொல்கிற எங்களுக்கு ஒப்பாது. பாதையும் வேண்டும், உரியவனுக்கு விலையும் போய்ச் சேரணும். 2014-இல் வயோமிங் மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், 1875-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரயிலுக்குக் கொடுத்த பாத்தியம், தடம் கைவிடப்பட்டால் அற்றுப்போகும் என்று கூறிவிட்டது. வங்கியில் போடாமல் விட்ட தடங்களுக்கு இது பெரிய அடி.

நம் நாட்டில் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. 1894-ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டப்படி எடுத்த நிலம் வில்லங்கமின்றி முழுசாக அரசைச் சேர்ந்துவிடும். ரயில் நின்றதால் பழைய சொந்தக்காரருக்குத் தானாகத் திரும்பாது. அமெரிக்கக்காரன் முப்பது வருஷம் கோர்ட்டில் அலைந்து தேடிய அறுபடாத உரிமை நமக்குக் கையிலேயே இருக்கிறது. ஆனாலும் காப்பாற்றுகிறோமா என்றால், இல்லை. தருமபுரிப் பெருவழியைச் சொன்னேனே, அதே தருமபுரிக்கு மொரப்பூரிலிருந்து 1906-இல் இரண்டரை அடி கேஜ் ரயில் தடம் போட்டார்கள். யுத்தகாலத்தில், 1941-இல் அதை மூடினார்கள். மறுபடியும் அந்தத் தடம் வேண்டும் என்று மக்கள் பல காலம் கேட்டு, 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் பழைய தடம் பழையபடி இருந்தால்தானே? நிலம் எடுப்பதிலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் யாராவது அதில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தால், குறைந்தபட்சம் தடமாவது தடமாக நின்றிருக்கும்.

சைக்கிள்காரர் கையில் போய்விட்டாலும் அபாயம் நீங்கிவிடுவதில்லை. 2008-இல் பிரிஸ்டல் பாதையின் ஒரு பகுதியில் விரைவுப் பேருந்து விடலாம் என்று அங்குள்ள நிர்வாகங்கள் திட்டம் போட்டன. அவர்கள் பக்கத்தையும் சொல்லவேண்டும்: ஒரு பஸ்ஸில் போகிற ஜனம் அதிகம், நகருக்குள் வேறு இடமும் இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அதே வருஷம் திட்டம் கைவிடப்பட்டது. 1977-இல் முட்புதராக இருந்தபோது யாரும் சீந்தாத நிலம், முப்பது வருஷத்தில் பத்துப் பேர் போட்டிபோடும் சரக்காகிவிட்டது. சுத்தம் செய்து வைத்த கடைக்குத்தானே வாடகை ஏறும்!

இப்போது நம் கொல்கத்தா. பேஹாலாவில் குடியிருக்கும் அன்பர்களுக்கு ஜேம்ஸ் லாங் சரணி நன்றாகத் தெரியும். நீல் தர்ப்பண் நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861-இல் ஒரு மாதம் சிறை சென்ற பாதிரியார் லாங் பெயரால் அமைந்த சாலை. அவுரித் தோட்டத்து ஏழைகளுக்காக அவர் சிறை போனார் என்பதால் அந்தப் பெயர் அங்கே இருப்பதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அந்தச் சாலை டைமண்ட் ஹார்பர் ரோட்டுக்குப் பக்கத்திலேயே, இணையாக, ஏன் இவ்வளவு நேராகப் போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அது காளிகாட் – ஃபால்டா ரயில்வேயின் தடம். மக்லியாட் கம்பெனி 1917-இல் திறந்தது. மொரப்பூர்த் தடம்போலவே இரண்டரை அடி கேஜ். மாஜேர்ஹாட் அருகிலிருந்து ஹூக்ளி ஆற்றங்கரை ஃபால்டா வரை சுமார் 43 கிலோமீட்டர். 1957-இல் மூடப்பட்டது. தண்டவாளம் போன இடத்தில், நகரப் பக்கத்துப் பகுதி மோட்டார் சாலையாயிற்று.

அது வீண் என்று சொல்லமாட்டேன். பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த ஜனம் பேஹாலாப் பக்கம் குவிந்துகொண்டிருந்த காலம் அது. டைமண்ட் ஹார்பர் ரோடு ஒன்றால் தாங்கியிருக்காது. 1957-இல் சைக்கிள் பாதை என்று ஒருவர் பேசியிருந்தால் சிரித்திருப்பார்கள். பிரிஸ்டலிலேயே இன்னும் இருபது வருஷம் கழித்துத்தானே யோசனை வந்தது. ஆனால் சாலை போட்டபோது ஓரத்தில் இரண்டு மீட்டர் சைக்கிளுக்கென்று ஒதுக்கியிருக்கலாம். இப்போது பஸ், லாரி, ஆட்டோ, கடை நீட்டல் எல்லாம் போக, சைக்கிள்காரனுக்கு மிஞ்சுவது சாக்கடை விளிம்பு.

அவன் யார் என்று எனக்குத் தெரியும். சைக்கிள் உதிரிபாகம் விற்பது என் தொழில். செயினும் ஃப்ரீவீலும் பிரேக் ரப்பரும் மாதாமாதம் தேய்த்துத் தீர்ப்பவர்கள் பால்காரர், பேப்பர் போடுபவர், மீன் கூடை கட்டுபவர், கட்டட மேஸ்திரி, வீடு வீடாகப் போகும் எலெக்ட்ரீஷியன். (மீன் கூடைக்காரருக்கு நான் ஸ்போக் விற்பதைப் பற்றி என் வீட்டிலேயே ஒரு விவாதம் உண்டு, அது வேறு கட்டுரை.) விடியற்காலையில் தெற்குப் புறநகரிலிருந்து ஒரு மணிநேரம் மிதித்து வருகிறார்கள். இவர்களும் ‘டெய்லி பாசெஞ்ஜர்’தான், லோக்கல் ரயிலில் சீசன் டிக்கெட் வாங்காத குறைதான். 2013-இல் கொல்கத்தாவின் 174 சாலைகளில் சைக்கிள் தடை செய்யப்பட்டது. பின்னர் எண்ணிக்கை குறைக்கப்பட்டது என்றாலும் தடை முற்றிலும் நீங்கவில்லை. நேர்வழி அடைபட்டதால் என் வாடிக்கையாளர்கள் சந்து பொந்தாகச் சுற்றிப் போகிறார்கள். பிரிஸ்டலில் ஆபீஸர்கள் விரும்பிச் சைக்கிள் ஏறுகிறார்கள். இங்கே வேறு வழியில்லாதவன் ஏறுகிறான். யாருக்கு நேர்வழி அதிகம் தேவை?

இன்னொரு கூட்டத்தாரையும் சொல்லியாக வேண்டும். எங்கள் முனிவர்களும் மாதாஜிகளும் வாகனம் ஏறுவதில்லை. எத்தனை நூறு மைலானாலும் வெறுங்காலால் நடந்தே விகாரம் செய்வார்கள். நான்கு முழம் முன்னே தரையைப் பார்த்து, எறும்பை மிதிக்காமல் நடப்பது ஈரியாசமிதி. தரையைப் பார்த்து நடப்பவருக்குப் பின்னால் வரும் லாரி தெரியுமா? நெடுஞ்சாலையில் விகாரத்தின்போது வாகனம் மோதித் துறவியர் உயிரிழந்த செய்தி திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருக்கிறது. நாற்கரச் சாலை, ஆறுகரச் சாலை என்று அகலமாக்க ஆக்க நடப்பவருக்கு இடம் குறைகிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகும் நம் ஊர்க்காரர்களுக்கும், தாரகேசுவரத்துக்குக் காவடி தூக்கும் வங்காளிகளுக்கும் இதே கதிதான். மிதிவண்டிப் பெருவழி என்று நான் சொல்வதில் நடப்பவருக்கும் தனி வரிசை உண்டு. மூன்று மீட்டரில் இருவரையும் போட்டு அடைத்ததால் பிரிஸ்டலில் மணி அடிக்கிறான், திட்டுகிறான் என்று தினமும் சச்சரவு. மினியாப்பொலிஸில் பிரித்துப் போட்டார்கள். இடம் உள்ள இடத்தில் பிரித்துப் போடுவதே உசிதம்.

நம் நாட்டில் இனிமேல் இதற்கு இடம் எங்கே என்று கேட்கலாம். மீட்டர் கேஜ், நேரோ கேஜ் தடங்களை அகல ரயிலாக மாற்றும்போது, வளைவைக் குறைக்கப் புதுத் தடம் எடுத்துப் பழையதை அப்படியே விட்டுவிட்ட துண்டுகள் பல மாநிலங்களில் கிடக்கின்றன. மாற்றாமலே மூடிய கிளைகளும் உண்டு. நேரோ கேஜ் தடத்தின் மண்மேடு அதிக அகலம் இல்லை. அகல ரயிலுக்குப் போதாது, லாரிச் சாலைக்கும் போதாது. மூன்று மீட்டர் சைக்கிள் பாதைக்குச் சரியாக இருக்கும். அப்படி ஒரு துண்டு தங்கள் ஊர்ப்பக்கம் இருப்பதை அறிந்த அன்பர்கள் முதலில் தாலுகா அலுவலகத்தில் நில அளவை வரைபடத்தைப் பாருங்கள். வங்காளத்தில் மௌஜா வரைபடம் என்பார்கள், நம்பரைத் ‘தாக்’ என்பார்கள். தடம் முழுக்க ரயில்வே பெயரிலேயே இருக்கிறதா, நடுவில் எந்த நம்பராவது கை மாறியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நம்பர் மாறியிருந்தால் சுற்றிப்போக வழி கிடைக்கும். நாலைந்து மாறிவிட்டால் அந்தத் துண்டில் இனி செய்வதற்கு அதிகமில்லை. அடுத்த துண்டைப் பார்ப்பதே நலம்.